ஏழு நாளில் வெளுக்கும் முகம்

சித்தி மகளுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஊருக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், நின்றவளைப் பார்த்ததும், "என்னடி இப்படி வெளுத்துப்போயிட்டே?" என்றேன். அவள் சிரித்தாள். பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே எங்கள் எல்லோருடைய நிறம்தான். தாடைக்கு மேலே வேறு யாரோ.

உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தாள். இளஞ்சிவப்பு மூடி, அதன்மேல் தங்க நிறத்தில் ஒரு பூ, பூவுக்குக் கீழே ஒரு பெயர். அவ்வளவுதான். செய்தது யார், எந்த நாடு, உள்ளே என்ன, காலாவதி எப்போது, ஒன்றும் இல்லை.

"டவுன்ல ஃபேன்சி கடையில வாங்குனேன்க்கா. ஏழே நாள்ல தெரியும்னு சொன்னாங்க. நெசமாவே ஏழு நாள்ல தெரிஞ்சிருச்சு."

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். டப்பாவில் பெயர் விவரம் இல்லாதது எனக்குப் புதிதில்லை. நம் ஊர் ஃபேன்சி கடைகளில் பாதிப் பொருள் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஏழு நாள். ஒரு கிரீம் ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்தால், அதில் ஏதோ தப்பு என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம்.

ஏன் என்று சொல்ல உங்களை ஸ்டோருக்குள் கூட்டிப்போக வேண்டும்.

ஸ்டோர் என்று தோட்டத்தில் நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அப்பா அங்கேதான் வேலை செய்தார். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, ரோலரில் கசக்கிய கொழுந்தைத் தரையில் பரப்பி வைத்திருப்பதைப் பார்ப்பேன். போகும்போது பச்சையாக இருக்கும். அப்பா சாப்பிட்டு முடித்து நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது செம்புப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருக்கும். அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது, பழுத்த பழ வாசம் மாதிரி. "கொஞ்சம் அசந்தா கறுத்துரும், அவசரப்பட்டா பச்ச வாசம் போகாது" என்பார் அப்பா.

இதை நொதிக்க விடுவது என்று சொன்னாலும் கள் நொதிப்பதைப் போல ஈஸ்ட் எதுவும் இதில் கிடையாது. கொழுந்தைக் கசக்கும்போது கலங்கள், அதாவது செல்கள், உடைகின்றன. உள்ளே தனித்தனி அறையில் இருந்த பொருட்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. பொலிஃபீனோல் ஒக்சிடேஸ் என்ற நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்துக் கொழுந்தில் இருக்கும் கட்டெச்சின் என்ற பொருட்களைப் பழுப்பாக்குகிறது. அந்த நொதியத்தின் நடுவில் செம்பு அணுக்கள் இருக்கின்றன. செம்பு இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும், கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுவதும் இதனால்தான். பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் கொழுந்தைக் கசக்குவதற்கு முன்பே ஆவியிலோ சூட்டிலோ காட்டி இந்த நொதியத்தைக் கொன்றுவிடுகிறார்கள். அதனால்தான் அது பச்சையாகவே இருக்கிறது.

நம் தோலிலும் இதன் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். பெயர் டைரோசினேஸ். அவனுக்கும் நடுவில் செம்புதான், அவனுக்கும் ஒட்சிசன்தான் வேண்டும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துப் படிப்படியாக மெலனின் ஆக்குகிறான். கொழுந்து கறுப்பதும் கொழுந்து எடுக்கிறவரின் முகம் கறுப்பதும் ஒரே குடும்பத்து வேலை என்று படித்த அன்றைக்கு எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

மெலனின் செய்யும் கலங்கள் மேல்தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் அந்தக் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். செய்யும் மெலனின் எவ்வளவு, அது என்ன வகை, எப்படிப் பொட்டலம் கட்டப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். பொட்டலங்கள் பக்கத்துக் கலங்களுக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே போய் ஒவ்வொரு கலத்தின் கருவுக்கு மேலும் குடை பிடித்த மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. கீழே இருக்கும் டி.என்.ஏ.வை வெயிலிலிருந்து காப்பதற்கு. பிறகு அந்தக் கலங்கள் மெல்ல மேலே ஏறி, காய்ந்து, உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், வயதானவர்களுக்கு அதற்கும் மேல்.

இப்போது கணக்குப் போடுங்கள். டைரோசினேஸை இன்றைக்கே முழுசாக நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட மெலனின் உதிர்ந்து போக ஒரு மாதமாவது வேண்டும். ஸ்டோரை இன்றைக்குப் பூட்டினாலும் கொழும்பு ஏலத்துக்குப் போன பெட்டிகள் திரும்பி வராது. முறையான கிரீம்களில் சேர்க்கும் நயாசினமைட், அதாவது விட்டமின் பி3இன் ஒரு வடிவம், பொட்டலங்கள் கை மாறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. வித்தியாசம் தெரியவே வாரக்கணக்கில் ஆகும், அதுவும் கொஞ்சமாகத்தான். 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, சரி. எங்கள் டவுன் கடைகளில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

அப்படியென்றால் ஏழு நாளில் வெளுக்க வைப்பது எது?

பெரும்பாலும் ஸ்டீரொய்ட். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்றவை. கரப்பான், சோரியாசிஸ் போன்றவற்றுக்கு வைத்தியர் எழுதித் தரும் நல்ல மருந்துகள்தான் இவை. தோலில் பட்டதும் இரத்த நுண்குழாய்களைச் சுருக்குகின்றன. பூசிய இடம் சில மணி நேரத்திலேயே வெளுத்துவிடும். ஒரு ஸ்டீரொய்ட் கிரீம் எவ்வளவு வலுவானது என்று அளப்பதற்கே, அது தோலை எவ்வளவு வெளுக்கச் செய்கிறது என்று பார்க்கும் சோதனையை 1962இல் மெக்கென்சியும் ஸ்டோட்டனும் கொண்டுவந்தார்கள். இன்றும் அந்த முறைதான் வழக்கத்தில் இருக்கிறது. மருந்தின் வலுவை அளக்கும் அடையாளத்தைத்தான் ஃபேன்சி கடை அழகு என்று விற்கிறது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் சிகரெட் தாள் போல மெலிகிறது, சிவப்பு நரம்புகள் தெரிகின்றன, பருவும் பூனைமுடியும் வருகின்றன.

இங்கே நான் செய்த ஒரு மடத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். டப்பாவை வாங்கி, "இனிமே தொடக்கூடாது" என்று அதட்டிவிட்டு வந்தேன். டீச்சர் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துப் போனில் அழுகிறாள். முகம் தீயாக எரிகிறதாம், தக்காளி மாதிரிச் சிவந்து, வரிசையாகப் பொரிந்திருக்கிறதாம். "நீ சொன்னதாலதான்க்கா." ஸ்டீரொய்ட் பழகிய தோல் அதைச் சட்டென்று விட்டால் இப்படித்தான் திருப்பி அடிக்கும். சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்துவிடும். இது தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டது என் தப்பு. அவள் மறுபடி அந்தக் கிரீமையே வாங்கிப் பூசியிருந்தால் ஒரே நாளில் அடங்கியிருக்கும். கடைக்காரர்களுக்கு வாடிக்கை நிலைப்பதும் இப்படித்தான்: விட்டால் எரிகிறது, பூசினால் குளிர்கிறது, ஆகவே கிரீம் நல்லது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசம்?" பிறகு என் பக்கம் திரும்பி, "நிப்பாட்டச் சொன்னது சரி. அன்னைக்கே இங்க அனுப்பியிருக்கணும்" என்றார். சரிதான்.

அவளுக்கு நேர்ந்தது ஸ்டீரொய்ட் என்றுதான் தெரிந்தது. இதைவிட மோசமானது இரசம். பாதரசம். பேய் பிடித்த மாதிரி என் மனதில் அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

இரசத்தின் உப்புகள் டைரோசினேஸின் செம்பு உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மெலனின் நிற்கிறது. பழைய காலத்தில் இதை வைத்தியர்களே எழுதித் தந்தார்கள். ஆனால் இரசம் தோலோடு நிற்பதில்லை; உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தில் கோட்டக்கல்லில் வைத்தியர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டெம்பர் வரை மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அதில் 15 பேருக்கு நோயின் வகை வழக்கத்தில் அரிதானது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியிருந்தார்கள். கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்று வருகிறவர்களிடம் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்க யாருக்குத் தோன்றும்? அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், முறையாக அனுமதிக்கப்பட்டு வந்த எல்லை பத்து லட்சம் கிராம் கிரீமில் ஒரு கிராம் இரசம். 2018இல் இரசத்துக்கு எதிராக இயங்கும் பன்னாட்டு அமைப்புகள் 22 நாடுகளில் 338 கிரீம்களை வாங்கிச் சோதித்தன. 34 கிரீம்களில் இரசம் இருந்தது, அதிகபட்சமாகப் பத்து லட்சத்தில் 16,000 பங்குக்கு மேல். ஜப்பானில் மினமாட்டா குடாவில் இரசம் கலந்த மீனைத் தின்று மக்கள் முடங்கிய கதை 1956இல் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. இரசம் சேர்த்த அழகுசாதனங்களை ஒழிப்பதும் அதில் ஒன்று. கிரீம்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இரசம் ஆவியாகும். பூசிய முகத்திலிருந்து, தலையணை உறையிலிருந்து, முகம் துடைத்த துவாயிலிருந்து மெல்லக் காற்றில் கலக்கும். இரசக் கிரீம் பூசாத பிள்ளைகளின் சிறுநீரிலும் இரசம் கண்டிருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஐந்து பேர் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் ஒருத்தி பூசினால் அது ஒருத்தியின் விஷயமாக இருக்காது. சித்தி வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. அதை நினைத்துத்தான் எனக்கு அன்று அவ்வளவு கோபம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு அடையாளம் சொல்கிறது. கிரீம் டப்பாவில் "தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது" என்று எழுதியிருந்தால் அதில் இரசம் இருக்கலாம். இரசம் தங்கத்தோடு சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். தாலிக்கொடிக்கு ஆகாததை முகத்துக்குப் பூசு என்று சொல்லும் டப்பா அது. கலோமல், மெர்க்குரிக், மெர்க்குரஸ் என்ற சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது பெரியத்தை வெற்றிலையை மென்றபடி, "அதுக்குத்தான் நாங்க கெமிக்கல் எதுவும் தொடுறதில்ல. மஞ்சளும் எலுமிச்சையும் போதும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, வாயை அடக்கிக்கொண்டேன். இங்கே அடக்கத் தேவையில்லை.

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 அளவு, தோலினுடையது 5 அளவு. பிஎச் ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு புளிப்பு, மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. அதோடு, தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வகைகளில் இருக்கும் ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரும். ஆறிய பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெளுக்கப் பூசியது கறுக்க வைக்கும். மஞ்சளில் எனக்குக் குறை இல்லை, ஆனால் எந்த மஞ்சள்? 2020இல் இறக்குமதி தடையில் இருந்தபோது இந்த நாட்டில் மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது நினைவிருக்கும். மாவும் சாயமும் கலந்த தூள் பிடிபட்ட செய்தி வந்துகொண்டே இருந்தது. பங்களாதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்றைச் சேர்த்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். பெரியத்தை கொல்லையில் கிழங்கு தோண்டி இழைத்தால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கடைத் தூளை வாங்கிவிட்டு இயற்கை என்று சொன்னால் உண்டு.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் மகாரத்மல் பூவைப் பார்த்திருப்பீர்கள், கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்பில். ரோடோடென்ட்ரன் இனம் அது. அந்த இனத்தின் பெயரைத் தாங்கிய ரோடோடென்ட்ரோல் என்ற பொருள் சில மரங்களில் இயற்கையாகவே இருக்கிறது. டைரோசினேஸைத் தடுக்கும் என்று கண்டு ஜப்பானில் கனேபோ நிறுவனம் அதைக் கிரீம்களில் சேர்த்தது. அரசு அனுமதியும் 2008இல் கிடைத்தது. 2013இல் கிரீம்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, 19,000க்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்திட்டுகள். தடுக்கப் போன பொருளை டைரோசினேஸே பிடித்து நஞ்சாக மாற்றி, மெலனின் செய்யும் கலத்தையே கொன்றிருக்கிறது. மரத்திலிருந்து வந்தது, அனுமதி பெற்றது, இரண்டும் சரியாக இருந்தும் இப்படி. ஆனாலும் ஒன்று: டப்பாவில் பெயர் இருந்தது, ஆகவே கேட்க ஒரு ஆள் இருந்தது, திரும்பப் பெற ஒரு கதவு இருந்தது. தங்கப்பூ டப்பாவை எந்தக் கதவில் தட்டுவது?

கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பரபென் பற்றிப் பயந்து கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. தண்ணீர் உள்ள எதிலும் பூஞ்சை வரும். நான் ஒருமுறை கற்றாழைச் சோற்றை அரைத்துப் போத்தலில் வைத்தேன், நம் ஊர்க் குளிருக்குக் கெடாது என்ற நம்பிக்கையில். நாலாம் நாள் மேலே சாம்பல் நிறத்தில் தாடி. 2004இல் மார்புக் கட்டிகளில் பரபென் இருப்பதாக ஒரு பிரித்தானிய ஆய்வு வந்தது, அதிலிருந்துதான் இந்தப் பயம். அது 20 கட்டிகளில் பார்த்தது. நல்ல திசுவில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதனால்தான் கட்டி வந்தது என்று அது சொல்லவும் இல்லை. ஐரோப்பாவில் மெத்தில் பரபெனுக்கு 0.4 சதவீதம் எல்லை. அந்த எல்லைக்குள் இருப்பதைப் பூசிக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். 'பரபென் இல்லை' என்று பெருமையாக எழுதிவிட்டுச் செய்தவரின் பெயரை எழுதாத டப்பாதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனங்கள் முதலில் இருந்தன, பிறகுதான் சாதனங்களும் மருந்துகளும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்துகள் மட்டும்தான். அழகு பெயரிலிருந்து நழுவிவிட்டது. விலையோ திகதியோ இறக்குமதி செய்தவரின் பெயரோ இல்லாத பொருளைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நான் முறையிட்டேன். அந்தக் கடையில் தங்கப்பூ டப்பா கண்ணாடி அலுமாரியிலிருந்து மேசைக்குக் கீழே போனது. கேட்டால் எடுத்துத் தருகிறார்களாம், இப்போது நூறு ரூபாய் கூடுதலாக.

கறுப்பது பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குக் குளிரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் வியர்த்து ஒதுங்குகிறவர்கள் இங்கே சுவெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பார்கள், இதமாக இருக்கிறது என்று. சூட்டை உணரும் தோலுக்குப் புறஊதாக் கதிரை உணரத் தெரியாது. மெல்லிய மேகத்தையும் பனிமூட்டத்தையும் தாண்டி அதில் பெரும்பங்கு வந்துவிடும். ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் முதல் வாரம் வரை ஒருமுறை, சூரியன் இந்தத் தீவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் மலைக்கு, அதாவது கொழுந்து எடுக்க, போகிறவர்களின் முகம் கறுப்பது தோல் தன் குடையை விரிக்கிறது என்பதுதான். இரசம் பூசுவது அந்தக் குடையைப் பிடுங்கிவிட்டு வெயிலில் நிறுத்துவது.

சன்ஸ்கிரீன் நல்லதுதான், ஆனால் டப்பாவில் போட்ட எஸ்.பி.எஃப். என்ற பாதுகாப்பு எண்ணை அளந்து பார்த்தது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். நல்ல டியூப் ஒன்றின் விலை ஒருநாள் சம்பளத்தைத் தாண்டும், வியர்வையிலும் மழையிலும் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். கொழுந்து எடுக்கிறவருக்கு அதை வாங்கு என்று புத்தி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா தலையில் முக்காடு போட்டு அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டுவார். அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கயிறு மாட்ட இடைஞ்சல் என்று கோழிக்குஞ்சை மூட வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குள் தங்கச்சியின் முகம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. கன்னத்தில் இரண்டு சிவப்பு நரம்பு மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்குமேல் மேக்கப் போட வந்த பெண்ணிடம் நான் ஒவ்வொரு டப்பாவாக வாங்கிப் பின்பக்கம் படித்துக்கொண்டிருந்ததில் முகூர்த்தம் தப்பிவிடும் என்று சித்தி சத்தம் போட்டார்.

ஆல்பம் போன மாதம் வந்தது. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் எல்லோரையும் வெளுக்க வைத்திருக்கிறார். மணப்பெண், மாப்பிள்ளை, சித்தி, பெரியத்தை, நான், ஏன், ஐயர்கூட. ஒரு படத்தில் அம்மா மணப்பெண் தலையில் அட்சதை போடுகிறார். அம்மாவின் முகமும் பால் மாதிரி இருக்கிறது. கையை மட்டும் ஸ்டூடியோக்காரர் கவனிக்காமல் விட்டுவிட்டார் போல. விரல் நுனிகளில், நகத்தின் ஓரங்களில் கொழுந்துக் கறை அப்படியே இருக்கிறது, முதல்நாள் இரவு புளி போட்டுத் தேய்த்தும் போகாமல், அப்பா ஸ்டோரிலிருந்து எடுத்த சரியான பக்குவத்து நிறத்தில்.